உபதேசியார் வனாந்தரம் பார்க்கப் போனது

கொஸ்லந்தைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் மத்தேயு உபதேசியாராக இருந்தார். பாதிரியார் மாதத்துக்கு ஒரு தடவை குதிரையில் வந்து போவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயிலில் மத்தேயுதான் வேதம் வாசித்துப் பிரசங்கம் செய்வார். குரல் பெரிய குரல். ஆள்தான் பயந்தவர். துரையின் குதிரைக்குப் பயப்படுவார். குதிரை இல்லாமல் துரை நடந்து வந்தால் துரைக்குப் பயப்படுவார். மாடு, இடி, ஆற்றுப் பாலம், புதிதாக வந்த நாய் எல்லாவற்றுக்கும் அவரிடம் கொஞ்சம் பயம் இருந்தது. தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. சிங்கக் கெபியில் தானியேல் இருந்ததைப் பற்றி அவர் முழங்கும்போது மட்டும் சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அவருடைய மனைவி றோசாலி மருத்துவச்சி. சுற்றியிருந்த தொழிலாளர் லயங்களில் ஓடித் திரிந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் கையில் வந்து விழுந்தவர்கள். அவளுக்குப் பயம் கிடையாது. அதற்கெல்லாம் நேரம் கிடைக்கவில்லை என்பாள்.

ஐந்தாம் ஜோர்ஜ் மன்னருக்கு முடிசூட்டிய வருடம் அது. சித்திரை மழை கொட்டிய ஒரு ஞாயிறு, இஸ்ரவேல் ஜனங்கள் நாற்பது வருடம் வனாந்தரத்தில் அலைந்ததைப் பற்றி மத்தேயு பேசினார். மழை கூரையில் அடித்த அடியில் முன்வரிசைக்கு மட்டுமே கேட்டது. முன்வரிசையில் இருந்த றீட்டா என்ற கொழுந்துக்காரி ஆராதனை முடிந்ததும் வந்து நின்றாள்.

"ஐயா, நாப்பது வருஷமும் காட்டுலேயே இருந்தாங்களா?"

"ஆமா."

"அட்டைக்கு என்ன செஞ்சாங்க?"

மத்தேயுவுக்கு விளங்கவில்லை.

"எங்களுக்கு ஒரு மலை ஏறி எறங்குறதுக்குள்ள காலெல்லாம் ரத்தம். அவுங்க நாப்பது வருஷம் நடந்திருக்காங்க. சுண்ணாம்பு பூசிக்கிட்டாங்களா, சவுக்காரமா?"

"அந்த வனாந்தரத்துல அட்டை இல்லம்மா. அது நம்ம காடு மாதிரி இல்ல. மழை பெய்யாத எடம். மணலும் முள்ளும்தான்."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

மத்தேயு பார்த்ததில்லை. அவர் பிறந்தது இந்த மலையில். மழையில்லாத இடம் ஒன்றை அவர் கண்ணால் கண்டதே கிடையாது. றீட்டா நம்பவில்லை என்பது அவள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழைக்குள் நடந்த விதத்திலேயே தெரிந்தது. இத்தனை வருடமாகத் தாம் சொன்ன வனாந்தரம் முழுவதையும் இந்தச் சனங்கள் அட்டைக்கடியோடுதான் கேட்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு மத்தேயுவை விடவில்லை.

பண்டாரவளையில் கடை வைத்திருந்த தாஸிம் முதலாளியின் மாட்டு வண்டிகள் வெலிமடை முட்டைக்கோவாவையும் உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு கொஸ்லந்தை வழியாக அம்பாந்தோட்டைக்கு இறங்கும். வரும்போது உப்பு ஏற்றி வரும். தாஸிமின் மனைவி ஸகீனாவுக்கு இரண்டு நாள் விடாமல் வலி எடுத்து எல்லோரும் கைவிட்டபோது, றோசாலிதான் தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்தாள். அதனால் தாஸிம் அந்த வழியாக எப்போது போனாலும் அவர்கள் வீட்டில் இறங்கி ஒரு தேத்தண்ணி குடிக்காமல் போகமாட்டார்.

"அம்பாந்தோட்டைப் பக்கம் மழையே பெய்யாதாமே, மொதலாளி?" என்று அப்படி வந்திருந்த ஒரு நாள் மத்தேயு கேட்டார்.

"எங்க பெய்யுது! திஸ்ஸமகாராமையத் தாண்டினா மணலும் முள்ளும்தான். கவர்மெண்டு அந்தப் பக்கத்த மிருகங்களுக்குன்னு எழுதி வெச்சிட்டான். உள்ளுக்கு யாரும் சுட ஏலாது. எனக்குத் தெரிஞ்ச ஸலீம்னு ஒரு மலாய்க்காரர்தான் அங்க காவல்."

"நான் அதைப் பாக்கணும்."

"அங்க பாக்க என்ன இருக்கு?"

"வனாந்தரம்."

தாஸிம் றோசாலியைப் பார்த்தார். றோசாலி கோப்பையை எடுத்துக்கொண்டு, "இவரத் தனியா அனுப்ப முடியாது, நானும் வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

துரை விடுமுறை கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை, எப்போது திரும்புவாய் என்றும் கேட்கவில்லை. இது மத்தேயுவுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

ஆடி மாதம் புறப்பட்டார்கள். அங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. ஆடியில் அந்தப் பாதையில் இறங்குகிறவர்கள் எல்லோரும் கதிர்காம முருகன் திருவிழாவுக்குப் போகிறவர்கள். உபதேசியார் கதிர்காமம் போகிறார் என்ற செய்தி லயம் லயமாகப் போய்ச் சேர்ந்தது. புறப்படும் நாள் காலையில் ஒரு பெண் கற்பூரப் பொட்டலத்தோடு வந்து, தன் பேரைச் சொல்லிக் கொளுத்திவிடும்படி றோசாலியிடம் கேட்டாள்.

"நாங்க அங்க போகல."

"சரிங்க, சரிங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள் அந்தப் பெண். கற்பூரத்தை வண்டியில் வைத்துவிட்டுப் போனாள்.

வெல்லவாயைத் தாண்டியதும் குளிர் போனது. தணமல்வில வந்தபோது பச்சையும் போய்விட்டது. மரங்கள் குட்டையாகி முள்ளாகின. புழுதி வண்டிச் சக்கரத்தை விட்டு எழுந்து, கீழே இறங்க மனமில்லாதது போல அந்தரத்திலேயே நின்றது. மத்தேயு தம்முடைய கறுப்புக் கோட்டைக் கழற்றவில்லை. வனாந்தரத்துக்குள் ஒழுங்கான உடுப்போடு போகவேண்டும் என்று நினைத்தார். இரண்டாம் நாள் மத்தியானம் அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லாமலே றோசாலி அதைக் கழற்றி மடித்து வைத்தாள்.

அம்பாந்தோட்டையில் கோவா இறங்கியது. உப்புக் கொடுக்கும் அதிகாரி காய்ச்சலில் படுத்திருந்தார். அவர் எழும்பும் வரை உப்பு கிடையாது என்றார்கள். சும்மா இருக்கப் பழக்கமில்லாத தாஸிம், வெற்று வண்டி ஒன்றைப் பூட்டிக்கொண்டு இவர்கள் இருவரையும் தாமே ஓட்டிப் போனார்.

காவல்காரர் ஸலீமின் குடிசை, ஆற்றங்கரையில் மருத மரங்களுக்குக் கீழே இருந்தது. தலையில் சிவப்புத் துணி கட்டிய, சிரிக்காத மனிதர். தாஸிமைத் தழுவிக்கொண்டார். பிறகு மத்தேயுவைப் பார்த்தார்.

"ஐயா சுட வந்ததா?"

"இல்லீங்க. பாக்க வந்தேன்."

ஸலீமுக்கு இது புதிது. வெள்ளைக்காரர்கள் வருவார்கள், சுட முடியாது என்றதும் திட்டிவிட்டுப் போவார்கள். களவாகச் சுடுகிறவர்கள் வருவார்கள், அவர்கள் அவரைப் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கென்று யாரும் வந்ததில்லை.

"என்ன பாக்க?"

மத்தேயு யோசித்துச் சொன்னார். "ஒண்ணும் இல்லாத எடத்தைப் பாக்கணும்."

"அது இங்க இல்லையே" என்றார் ஸலீம்.

அவர் சொன்னது உண்மையாகவே இருந்தது. மறுநாள் விடிந்ததும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். வறண்டு வெடித்த வெளிகளில் புள்ளிமான்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. ஒவ்வொரு பாறைமேலும் ஒரு மயில் இருந்தது. கடலோரத்தில் தேங்கிய உப்புத் தண்ணீர்க் களப்பில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. ஆயிரம் இருக்கும் என்றார் தாஸிம், அவற்றில் ஒன்றுகூட இறைச்சிக்கு நல்லதில்லை என்றும் சொன்னார். காட்டெருமைகள் சேற்றில் மூக்கை மட்டும் வெளியே வைத்துக் கிடந்தன. ஒரு பாலை மரத்தில் கரடி ஒன்று ஏறியிருந்து பழம் தின்றது. தின்றதைவிடக் கீழே கொட்டியது அதிகம். கீழே பன்றிகள் அதைப் பொறுக்கின. மரத்தடிக்குப் போகவேண்டாம் என்று ஸலீம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மத்தேயு வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

பிற்பகலில் மணல் மேடுகளைக் காட்டினார்கள். கடற்காற்று குவித்த வெறும் மணல், புல்லும் இல்லை, முள்ளும் இல்லை. மத்தேயுவின் முகம் மலர்ந்தது. தாம் கொஞ்சம் தனியாக ஜெபம் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டு, சுடுமணலில் துள்ளித் துள்ளி நடந்து மேட்டுக்கு அப்பால் போனார். முழங்காலில் நின்று கண்ணை மூடினார். திறந்தபோது எதிரே ஒரு நரி உட்கார்ந்திருந்தது. அவர் கண்ணை மறுபடி மூடினார். மறுபடி திறந்தபோது இரண்டு நரிகள் இருந்தன. ஜெபத்தை அதோடு முடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"முடிஞ்சுதாங்க?" என்றாள் றோசாலி.

"முடிஞ்சுது. சின்ன ஜெபம்தான்."

அன்று இரவு சோற்றைப் பிசைந்தபடி, "வனாந்தரத்துல இவ்வளவு கூட்டம் இருக்கும்னு வேதத்துல எங்கயும் இல்ல" என்று அவர் வருத்தமாகச் சொன்னார்.

அடுத்த நாள்தான் அந்தக் குளத்துக்குப் போனார்கள். பழைய காலத்துக் குளம். கரை உடைந்து, அந்த வருடக் கோடையில் வற்றி, நடுவில் ஒரு பாய் அளவுக்கு மட்டும் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. அதைச் சுற்றிலும் சேறு. மேலே காய்ந்து வெள்ளையாகவும் உள்ளே கறுப்பாகவும் இருந்த அந்தச் சேற்றில் பெரிய மான் ஒன்று, பெண் மரை, வயிறு வரை புதைந்து நின்றது. தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறது. திரும்பி வர முடியவில்லை. விடியற்காலையிலிருந்து உதைத்து உதைத்து ஓய்ந்துவிட்டது போல, அது இப்போது தலையை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தது.

"இது இனி அவ்வளவுதான். ராத்திரிக்குச் சிறுத்தை வரும், இல்லாட்டி பன்றி வரும்" என்றார் ஸலீம்.

"இழுத்துப் போடலாமே" என்றாள் றோசாலி.

"மிருகத்தை நாங்க தொடக் கூடாது."

"சுடக் கூடாதுன்னுதானே நேத்து சொன்னீங்க?"

"சுடக் கூடாது. பிடிக்கக் கூடாது. வலை போடக் கூடாது."

"இழுக்கக் கூடாதுன்னு இருக்கா?"

ஸலீம் நேர்மையான மனிதர். நன்றாக யோசித்துப் பார்த்தார். "அப்படி இல்ல" என்றார். பிறகு, "ஆனா சிறுத்தையும் இந்த எல்லைக்குள்ள இருக்கற சிறுத்தைதான். அதையும் நான்தான் பாத்துக்கணும்" என்றார்.

"அது வேற எதையாவது தின்னுக்கும். நேத்து பாத்தோமே, நெறைய இருக்கு."

தாஸிம் வண்டிக் கயிற்றை அவிழ்த்து மாட்டின் நுகத்தில் ஒரு முனையைக் கட்டினார். மரையின் உடம்பைச் சுற்றி மறுமுனையை மாட்டவேண்டும். றோசாலி கயிற்றை வாங்கினாள். சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகினாள். "மொதலை இருக்குமா?" என்று கேட்டாள்.

"தண்ணி வத்தினதும் எல்லாம் ஆத்துக்குப் போயிடும்" என்றார் ஸலீம்.

அப்போது மத்தேயு அவள் கையிலிருந்து கயிற்றை வாங்கினார்.

"நீ கனம். புதைஞ்சு போவ. நான் எடை கொறஞ்ச ஆளு."

இது உண்மைதான். இருந்தாலும் மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். வண்டியின் மூங்கில் தட்டியைக் கழற்றிச் சேற்றின்மேல் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, கையால் சேற்றைத் தள்ளித் தள்ளி அவர் முன்னே போனார். வெள்ளை வேட்டி போன நிறம் தெரியவில்லை. ஞாயிறுதோறும் மழைச் சத்தத்தோடு போட்டியிடுகிற அந்தக் குரலிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

பாதி தூரம் போயிருப்பார். ஸலீம் தாஸிமின் கையைப் பிடித்தார். மரைக்கு இடது பக்கம், ஒரு ஆள் நீட்டிப் படுத்தால் எட்டும் தூரத்தில், சேறு அப்பிய ஒரு கட்டை கிடந்தது. அந்தக் கட்டைக்கு மூக்கு இருந்தது. அது ஒரு தடவை திறந்து மூடியது.

கத்தினால் அது விழித்துக்கொள்ளும். கத்தாவிட்டால் அவருக்குத் தெரியாது. தாஸிம் உதட்டுக்குள் ஓதத் தொடங்கினார். றோசாலிக்கு யாரும் சொல்லவில்லை, அவளே பார்த்துவிட்டாள். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அது சிக்காமல் போகும்படி கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். பிரசவ வீட்டில் நிலைமை மோசமாகும்போது அவள் முகம் இப்படித்தான் ஆகும் என்பதை ஸகீனாவின் கட்டிலருகே நின்ற தாஸிம் அறிவார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மத்தேயு மரையின் வலது பக்கமாகச் சுற்றிப் போனார். கையைச் சேற்றுக்குள் விட்டு, அதன் நெஞ்சுக்குக் கீழே கயிற்றைக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டார். முதல் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. மறுபடி போட்டார். வந்த வழியே தட்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்து, கரையில் கால் வைத்ததும் கையைத் தூக்கிக் காட்டினார்.

தாஸிம் மாடுகளை அதட்டினார். கயிறு விறைத்தது. சேறு பெரிய சத்தத்தோடு மரையை விட்டது. அந்தச் சத்தத்தில் கட்டையும் எழுந்தது. வாலை ஒரு அடி அடித்து, அந்தப் பாயளவு தண்ணீருக்குள் சறுக்கிப் போய் மறைந்தது. மனிதனைவிட நீளம்.

"அது கட்டை இல்லையா?" என்று மத்தேயு பெரிய குரலில் கேட்டார்.

தாஸிம் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் தெரியவில்லை. பிறகு சிரிப்புதான் என்று தெரிந்தது. ஸலீம்கூடச் சிரித்தார், அவருக்கு மேல் வரிசையில் பல் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மரை கரையில் கொஞ்ச நேரம் பக்கவாட்டில் கிடந்தது. றோசாலி கயிற்றை அறுத்தாள். அது எழுந்து, நன்றி சொல்வது போன்ற எதையும் செய்யாமல், மத்தேயுவின் தோளில் பின்னங்காலால் ஒரு உதை விட்டுக் காட்டுக்குள் போய்விட்டது.

எலும்பு முறியவில்லை. றோசாலி எண்ணெய் தடவித் தன் பழைய சேலையைக் கிழித்துக் கட்டிவிட்டாள். முடிச்சு வேண்டியதைவிட இறுக்கமாக இருந்தது.

உப்பு அதிகாரிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. உப்பு ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். தாஸிம் அந்தக் கதையைத் திஸ்ஸமகாராமையில் சொன்னார். தணமல்விலவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய இடத்தில் சொன்னார். வெல்லவாயில் இரண்டு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் முதலை ஒரு முழம் வளர்ந்தது. மத்தேயு அதன் முதுகில் கையை ஊன்றினார் என்பதும் சேர்ந்துகொண்டது. "கட்டைன்னு நெனச்சுக்கிட்டு, பாருங்களேன், கட்டைன்னு!" என்று தாஸிம் கண்ணைத் துடைப்பார். மத்தேயுவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். றோசாலி எழுந்து போய் மாட்டின் பக்கத்தில் நிற்பாள்.

கொஸ்லந்தைக்கு ஏறும் மேட்டில் பாரம் குறைக்க எல்லோரும் இறங்கி நடக்கவேண்டும். தாஸிம் மாடுகளோடு முன்னே போனார். புருஷனும் பெண்சாதியும் பின்னால் நடந்தார்கள். குளிர் காற்று வரத் தொடங்கியிருந்தது. மத்தேயு கோட்டைப் போட முயன்றார், தோள் வலித்தது. றோசாலி பிடித்துப் போட்டுவிட்டாள்.

"ஏங்க."

"ம்."

"அது கட்டைன்னா நெனச்சீங்க?"

மத்தேயு கொஞ்ச தூரம் நடந்தார். "கட்டைக்குக் கண்ணு இருக்குமா?" என்றார்.

றோசாலி நின்றுவிட்டாள். "எப்பப் பாத்தீங்க?"

"நீ சேலையைச் செருகுறப்ப."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நின்னுருவியா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "மாட்டேன்" என்றாள்.

"அதான்."

வண்டி முன்னால் கிறீச்சிட்டுக்கொண்டு ஏறியது. அவள் மறுபடி நடந்தாள். "அப்புறம் ஏன் அந்த மனுசன் சிரிக்கச் சிரிக்கப் பாத்துக்கிட்டு இருக்கீங்க? ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாரு."

"சிரிக்கட்டுமே. தெரிஞ்சுதான் போனேன்னா, ஏன் போனேன்னு கேப்பாங்க."

"கேட்டா என்ன?"

"பதில் சொல்லணும்ல" என்றார் மத்தேயு. அவருக்கு முகம் சிவந்திருந்தது. மேடு செங்குத்தாக இருந்ததாலும் இருக்கலாம். "எனக்குக் கையெல்லாம் ஆடிக்கிட்டேதான் இருந்துச்சு. முடிச்சு ஒரு தடவை அவுந்துபோச்சு."

"பாத்தேன்" என்றாள் றோசாலி. அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். பாதையில் யாராவது வந்தால் விட்டுவிடலாம் என்று நினைத்தாள். கொழுந்து மூட்டையோடு இரண்டு பேர் வந்தார்கள். விடவில்லை.

கொஸ்லந்தைச் சந்தியில் தேத்தண்ணிக் கடை இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு மூன்று பேரும் உள்ளே போனார்கள். கடைக்காரர் மொஹிதீன், தாஸிமுக்குத் தூரத்துச் சொந்தம். தேத்தண்ணி வருவதற்குள் தாஸிம் பலகையில் வசதியாக உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்துவிட்டார். குளம் வந்தது. சேறு வந்தது. வயிறு வரை புதைந்த மரை வந்தது.

றோசாலி சிரித்தாள். வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். மத்தேயு தம்முடைய கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாஸிமுக்கு மனத்தாங்கலாகப் போய்விட்டது.

"தங்கச்சி, நான் இன்னும் கட்டைக்கு வரவே இல்லையே" என்றார்.